நாற்பத்தொரு சொற்கள்

ஜூன் 9, ஞாயிறு

எனக்கு டைரி எழுதும் பழக்கம் கிடையாது. இதுவும் டைரி இல்லை, பதிவேடு. என் பையன் ரித்விக் வாயிலிருந்து என்னென்ன சொல் வருகிறது என்று ஆறு மாதத்துக்கு எழுதிவரும்படி பள்ளிக்கூடத்து கவுன்சிலர் அம்மா சொல்லியிருக்கிறார். எழுதுகிற வேலையில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. பதினோரு வருடமாக ஓசூர் சிப்காட்டில் தரப் பரிசோதகனாக இருக்கிறேன். நாளைக்கு நானூறு பீஸ் அளந்து எழுதுகிறவனுக்கு நாலு வயதுப் பையனின் பேச்சை அளப்பது பெரிய காரியமா?

பையனை எல்.கே.ஜி.யில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் நிபந்தனையோடு. காலாண்டு முடியும்போது ஒரு மதிப்பீடு வைப்பார்கள். அதற்குள் அவன் வாயைத் திறந்து பேச வேண்டும், இல்லாவிட்டால் பழையபடி ப்ரீ.கே.ஜி.

வெள்ளிக்கிழமை கவுன்சிலர் அம்மா எங்களை உட்கார வைத்துக் கேட்டார். "வீட்ல என்ன லாங்வேஜ் சார்?"

"தமிழ்தான் மேடம்."

"அக்கம்பக்கம்?"

மாடி வீட்டு மஞ்சுளா கன்னடம். கீழே வீட்டு ஓனர் தெலுங்கு. ஓசூரில் இது எல்லாத் தெருவிலும் உள்ளதுதான். ஆனால் அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அதான் சார் பிரச்சனை. நாலு பக்கமும் நாலு லாங்வேஜ். குழந்தை கன்ஃபியூஸ் ஆயிட்டான். ஸ்கூல்ல இங்கிலீஷ்தான? வீட்லயும் அதையே பேசுங்க. ஒரே லாங்வேஜ். மூணு மாசத்துல வித்தியாசம் நீங்களே பாப்பீங்க."

என் மனைவி செண்பகா சும்மா இருந்திருக்கலாம். "நான் பேசினா அவனுக்கு நல்லாப் புரியுது மேடம்" என்றாள். அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

தொடக்க நிலையை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும் என்பதால் இன்று காலையிலிருந்து அவன் பின்னாலேயே நோட்டும் கையுமாகத் திரிந்தேன். வா, போ, தண்ணி, பூ, காக்கா, லாரி, நிலா, வேணாம், மம்மு... மொத்தம் நாற்பத்தொன்று. முழுசாகச் சொல்வதில்லை, பாதியை விழுங்கிவிடுகிறான். முப்பத்தெட்டு சொற்கள் செண்பகா மடியில் இருந்தபோது வந்தவை. அத்தனையும் தமிழ்.

நாளையிலிருந்து இந்த வீட்டில் இங்கிலீஷ்.

(இந்த நோட்டில் மட்டும் தமிழ். கை வேகத்துக்கு வேறு வழியில்லை.)

ஜூன் 10, திங்கள்

காலையில் செண்பகா வாயைத் திறந்ததும் "இங்கிலீஷ்" என்று நினைவூட்டினேன். சிரித்துவிட்டு, "குக்கருகிட்டயாவது தமிழ்ல பேசலாமா?" என்றாள். அவளுக்கு எல்லாவற்றோடும் பேச்சுதான். குக்கரோடு, ஜன்னலில் வரும் காக்கையோடு, தீய்ந்துபோன தோசையோடு. கோவில்பட்டிக்காரி. பி.ஏ. வரலாறு, அதையும் தமிழில் படித்தவள்.

"குக்கர்கிட்ட பேசு. ஆனா அவன் காதுல விழக் கூடாது" என்றேன்.

சொற்கள்: கம், கோ.

ஜூன் 15, சனி

சட்டம் போடுவது சுலபம், நடத்துவதுதான் பாடு. செண்பகாவுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. பையனை மடியில் இழுத்து வைத்து, தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, கன்னத்தோடு கன்னம் ஒட்டி, காதைக் கடிக்கப் போகிறவள் மாதிரி வாயை வைத்துக்கொண்டு பேசுவாள். எண்ணெய் தேய்க்கும்போது, சோறு ஊட்டும்போது, தூங்க வைக்கும்போது, எப்போதும். "ராசு, காக்கா என்ன சொல்லுச்சு? உனக்கு ஒரு வாய் தரச் சொல்லுச்சா?" என்று. ரித்விக் என்று நல்ல பெயர் இருக்க, அவளுக்கு அவன் ராசு.

கண்டித்தேன். நாலு வயதுப் பையனை மடியில் வைத்துக் கொஞ்சினால் எப்போது வளர்வான்? உட்கார வைத்து, எதிரே நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேச வேண்டும். நான் அப்படித்தான் பேசுகிறேன். மூன்று முறை கூப்பிட்டால் ஒருமுறை திரும்புகிறான். உரக்கக் கூப்பிட்டால் உடனே திரும்புகிறான். பயம் இருந்தால்தான் கவனம் வரும் போல.

கத்திக்கொண்டே இருக்க முடியாது என்பதால் பள்ளிக்கூடத்து முறையை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன். அங்கே மிஸ் "ஃபிங்கர் ஆன் யுவர் லிப்ஸ்" என்றால் முப்பது பிள்ளைகளும் உதட்டில் விரலை வைத்து வாயை மூடிக்கொள்கின்றன. இங்கே யார் தமிழ் பேசினாலும் நான் என் உதட்டில் விரலை வைப்பேன், அவர்களும் வைத்து நிறுத்திவிட வேண்டும். சத்தம் கிடையாது, சண்டை கிடையாது. இன்று செண்பகாவுக்கு ஒன்பது முறை, பையனுக்கு பதினாறு முறை.

ஜூன் 23, ஞாயிறு

சொற்கள்: பன்னிரண்டு. கம், கோ, நோ, மில்க், பால் (பந்து), கார், வாட்டர் (வாட்ட), ஒன், டூ, ஆப்பிள், மம்மி, பை.

அட்டைப் படங்கள் வாங்கி வந்தேன். முகத்துக்கு நேராகப் பிடித்து உரக்கச் சொன்னால் சொல்கிறான். என் வாயையே பார்த்துக்கொண்டு இருக்கிறான், அவ்வளவு கவனம். முதுகுக்குப் பின்னால் சொன்னால் ஒன்றும் இல்லை. பொம்மையை உருட்டிக்கொண்டு கிடக்கிறான். திமிர்.

டி.வி. சத்தத்தை நாற்பதில் வைக்கிறான். நான் குறைக்க, அவன் கூட்ட, நான் ரிமோட்டை அலமாரிமேல் வைத்துவிட்டேன்.

ஜூன் 30, ஞாயிறு

ஏன் இவ்வளவு கடுமை என்று செண்பகா கண்ணால் கேட்கிறாள். வாயால் கேட்க அவளிடம் இங்கிலீஷ் இல்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

போன வருடம் கம்பெனிக்கு வெளிநாட்டுக்காரர் ஆடிட்டுக்கு வந்தார். ஒரு பேரிங் வளையத்தைக் கையில் எடுத்து, இதை ஏன் ரிஜெக்ட் செய்தாய் என்று என்னைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியும். அந்தக் கீறலைக் கண்டுபிடித்தவனே நான்தான். நாக்கு எழவில்லை. "ஸ்கிராட்ச் சார், ஸ்கிராட்ச்" என்று இரண்டு முறை சொன்னேன். எனக்குப் பின்னால் வேலைக்கு வந்த பையன் ஒருவன் நடுவில் புகுந்து ஐந்து நிமிடம் பொரிந்து தள்ளினான். இப்போது அவன்தான் எனக்கு சூப்பர்வைசர்.

என் பையனுக்கு அந்த நிலைமை வரக் கூடாது. இதில் என்ன தப்பு?

ஜூலை 6, சனி

வீடு அமைதியாகிவிட்டது. செண்பகாவுக்கு இன்று ஒரே ஒரு முறைதான் விரல் வைக்க வேண்டியிருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "ஏங்க, இவனுக்குக் காதுல..." என்று தொடங்கினாள். பையன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். விரலை வைத்தேன். "இங்கிலீஷ்ல சொல்லு" என்றேன். அவள் உதடு அசைந்தது. பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு "நத்திங்" என்றாள்.

பரவாயில்லை, ஒரு வார்த்தை கூடியிருக்கிறது அவளுக்கும்.

பையனின் சொற்கள்: பதினாறு.

ஜூலை 16, செவ்வாய்

இன்று பெரிய முன்னேற்றம், ஆனால் பையனிடம் இல்லை.

வேலையிலிருந்து வந்ததும் அட்டைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். செண்பகா ஒரு சீட்டைக் கொண்டு வந்து நீட்டினாள். "பேப்பர் வேணாம், வாயால சொல்லு" என்றேன். பேச வைக்காவிட்டால் இவளும் தேற மாட்டாள்.

"இயர்" என்றாள். "வாட்டர். கமிங்."

"முழு சென்டென்ஸ்."

தலையைக் குனிந்துகொண்டாள். நான் சொல்லிக் கொடுத்தேன். "வாட்டர் இஸ் கமிங் ஃப்ரம் ஹிஸ் இயர்." மூன்று முறை சொல்ல வைத்தேன். மூன்றாவது முறை ஒரு பிசிறு இல்லாமல் சொன்னாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கையைத் தட்டிவிட்டேன். பையனும் என்னைப் பார்த்துக் கை தட்டினான். அவள் தட்டவில்லை.

குளிப்பாட்டும்போது காதில் தண்ணீர் போயிருக்கும். துண்டின் முனையைத் திரித்துத் துடைத்துவிடச் சொன்னேன். சீட்டை நோட்டுக்குள் அடையாளத்துக்கு வைத்திருக்கிறேன்.

ஜூலை 21, ஞாயிறு

சொற்கள்: பதினான்கு. இரண்டு குறைவு. பக்கத்தைத் திருப்பச் சோம்பல்பட்டு செண்பகா தந்த சீட்டின் பின்பக்கத்தில் பட்டியல் போட்டிருக்கிறேன்.

தலையணை உறையில் மஞ்சளாகத் திட்டு. மாம்பழத்தைத் தின்றுவிட்டு வாயைக் கழுவாமல் படுக்கிறான் என்று இரண்டு பேரையும் கண்டித்தேன். செண்பகா உறையை உருவிக் கொண்டுபோய் ஊற வைத்தாள். வீட்டில் மாம்பழம் வாங்கிப் பத்து நாள் ஆகிறது என்பது இப்போது எழுதும்போதுதான் நினைவுக்கு வருகிறது. பக்கத்து வீட்டில் தின்றிருப்பான்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

மஞ்சுளா மாடிப்படியில் மறித்துக்கொண்டாள். "அண்ணா, செண்பகா அக்கா ஏன் மாத்தாடறதே இல்ல? முன்னாடி நான் மேலருந்து கூப்பிட்டா பத்து நிமிஷம் பேசும். இப்ப தலைய ஆட்டிட்டு உள்ள போயிடுது. சண்டையா?"

சண்டை இல்லை என்றேன். பையனுக்காக ஒரு பயிற்சி என்றேன். அவளுக்குப் புரியவில்லை. அவள் வீட்டில் பிள்ளைகள் மூன்று மொழி பேசிக்கொண்டு திரிகின்றன, எதிலும் உருப்படி இல்லை.

பையன் தூங்கிய பிறகு என்னோடு தமிழில் பேசலாம் என்று செண்பகாவுக்குச் சலுகை கொடுத்திருக்கிறேன். ஆனால் அவனுக்கு முன்னால் அவள் தூங்கிவிடுகிறாள். இல்லாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறாள்.

ஆகஸ்ட் 15, வியாழன்

பள்ளியில் கொடியேற்றம். எல்.கே.ஜி. பிள்ளைகள் ஒவ்வொருவராக மேடைக்கு வந்து தன் பெயரைச் சொல்ல வேண்டும். மூன்று வாரமாகத் தயார் செய்திருந்தேன். "மை நேம் இஸ் ரித்விக்." வீட்டில் பத்துக்கு ஏழு முறை சரியாகச் சொன்னான்.

மேடையில் மிஸ் பக்கவாட்டில் நின்று மைக்கை நீட்டி, "வாட் இஸ் யுவர் நேம்?" என்றார். அவன் கூட்டத்தைப் பார்த்தான். மறுபடி கேட்டார். மூன்றாவது முறை தோளைத் தொட்டுக் கேட்டதும் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு உதட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். "ஸோ ஒபீடியன்ட்" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

வீட்டுக்கு வந்து அவனை அடித்தேன். முதல் முறை. கன்னத்தில் இல்லை, தொடையில். எழுதுவதை முழுசாக எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன். அவன் சத்தம் போட்டு அழவில்லை. இடது காதைப் பொத்திக்கொண்டு அம்மாவிடம் ஓடினான். அவள் அவனைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். தண்ணீரைத் திறந்துவிட்டாள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவள் ஏதோ பேசிக்கொண்டிருந்தது போல இருந்தது. கதவைத் தட்டவில்லை. அந்தப் பத்து நிமிடம் விட்டுக்கொடுத்தேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

மாதக் கடைசியில் எத்தனை சொல் என்று ஒரு தாளில் எழுதிப் பள்ளிக்குக் கொடுக்க வேண்டும். உண்மையான எண்ணிக்கை ஒன்பது. தாளில் இருபத்திரண்டு என்று எழுதினேன்.

பதினோரு வருடத்தில் ஒரு பீஸின் அளவைக்கூட மாற்றி எழுதியதில்லை. மேனேஜர் கேட்டபோதும் எழுதியதில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

ஏழு.

செப்டம்பர் 15, ஞாயிறு

பையனுக்கு ஜலதோஷம். மூக்கு ஒழுகுகிறது. சொற்களை எண்ணவில்லை. அவன் என் அறைக்குள் வருவதே இல்லை.

வியாழக்கிழமை மதிப்பீடு. செண்பகாவிடம் சொன்னேன். "ஓகே" என்றாள். இப்போதெல்லாம் அவளுக்கு எல்லாவற்றுக்கும் ஓகே, நோ, கம், ஈட். இந்த நாலில் எங்கள் குடும்பம் நடக்கிறது.

செப்டம்பர் 19, வியாழன்

காலையில் உடம்பு சுட்டது. இன்று விட்டால் வருடமே போய்விடும். காய்ச்சல் மருந்து ஒரு மூடி கொடுத்து நானே வண்டியில் உட்கார வைத்தேன். செண்பகா வாசலில் குறுக்கே வந்து நின்றாள். "நோ" என்றாள். நல்ல உரக்கச் சொன்னாள். அவளை விலக்கிவிட்டுப் போனேன்.

பலன்: இருபது நிமிடமும் விரலை உதட்டிலிருந்து எடுக்கவில்லையாம். "வி ஆர் ஸாரி சார்" என்றார் கவுன்சிலர்.

செப்டம்பர் 20, வெள்ளி

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். கை வேறு எதற்கும் ஓடவில்லை.

காலை பத்து மணிக்கு கம்பெனியில் போன். மஞ்சுளா. "அண்ணா, மகுவுக்கு, உங்க பையனுக்குக் காது வீங்கிருச்சு, ஜ்வரம் ரொம்ப. நானும் அக்காவும் ஆட்டோல பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். பேக பன்னி அண்ணா, சீக்கிரம் வாங்க." செண்பகா என்னைக் கேட்கவில்லை. எனக்குப் போன்கூடப் பண்ணவில்லை.

போனபோது டாக்டர் அறைக்குள் இருந்தார்கள். பையனின் இடது காது முன்பக்கமாகத் தள்ளிக்கொண்டு நின்றது. அதற்குப் பின்னால் எலும்புமேல் சிவப்பாக வீக்கம். நேற்று வண்டியில் என் முன்னால்தான் உட்கார்ந்திருந்தான். ஹெல்மெட் போட்டுவிட்டது நான்தான். எனக்குத் தெரியவில்லை.

காது டாக்டர் வயதானவர். "எவ்வளவு நாளாம்மா காது வடியுது?" என்று கேட்டார்.

செண்பகா பேசினாள்.

"ஆனி மாசத்துலேருந்து சார். மொதல்ல தண்ணியா வந்துச்சு, பெறகு மஞ்சளா. தலகாணி உறையெல்லாம் கறையாயிரும், நாந்தான் தெனமும் அலசிப் போடுதேன். இடது பக்கம் படுக்க மாட்டான். அதுக்கு முந்தியே, போன வருசத்துலேருந்தே, தள்ளி நின்னு கூப்பிட்டா அவனுக்குக் கேக்காது சார். காதுகிட்ட வாய வச்சுப் பேசினா கேக்கும். மொகத்தத் திருப்பி வச்சுப் பேசினாப் புரிஞ்சுக்கிருவான். அதான் நான் மடியில வச்சே பேசுவேன். ஜூலை பதினாறாந்தேதி பஸ் ஸ்டாண்டு டாக்டர்ட்ட காட்டினேன். சொட்டு மருந்து குடுத்து, காது ஸ்பெஷலிஸ்ட்டப் பாக்கணும்னு சீட்டு எழுதிக் குடுத்தாரு. மருந்து விட்டு ஒரு வாரத்துல நின்னுச்சு, பெறகு ஒரு மாசம் வடியல. இப்ப விநாயகர் சதுர்த்தி கழிச்சு மறுபடி வந்துச்சு. முந்தா நாள்லேருந்து சாப்பிடல. ராத்திரியெல்லாம் என் கையப் பிடிச்சு அவன் காதுமேல வச்சுக்கிடுதான்."

மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் குரலை இவ்வளவு நேரம் கேட்கிறேன். நிறுத்தாமல் பேசினாள். நாள், கிழமை எதுவும் பிசகவில்லை. என் நோட்டில் இல்லாத பதிவேடு முழுவதும் அவளிடம் இருந்தது.

"ஸ்பெஷலிஸ்ட்கிட்ட போகச் சொன்னாருங்கிறீங்க. ஏம்மா உடனே வரல? வீட்ல சொல்லலையா?"

"சொன்னேன் சார்" என்றாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள். "இங்கிலீஷ்ல சொன்னேன்."

மாலையில் ஆபரேஷன்.

செப்டம்பர் 21, சனி

காதுக்குப் பின்னால் எலும்பைத் திறந்து சீழ் எடுத்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் மூளைக்குப் போயிருக்கும் என்றார் டாக்டர். வலது காதிலும் நீர் கட்டியிருந்ததாம். அதில் சின்னக் குழாய் வைத்திருக்கிறார்கள்.

தலையைச் சுற்றி வெள்ளைக் கட்டோடு தூங்குகிறான்.

செப்டம்பர் 22, ஞாயிறு

அந்தச் சீட்டு இந்த நோட்டிலேயே இருந்தது.

டாக்டர் பழைய சீட்டு இருந்தால் கொண்டுவரச் சொன்னார். செண்பகா என் கையில் இருந்த நோட்டைக் காட்டினாள். பிரித்தேன். ஜூலை பதினாறு. இரண்டு காதிலும் நீர், கேட்கும் திறன் குறைவு, உடனே காது மூக்கு தொண்டை நிபுணரிடம் காட்டவும் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. எனக்கு வாசிக்கத் தெரிந்த இங்கிலீஷ்தான். பின்பக்கத்தில் என் கையெழுத்தில் பதினான்கு சொற்கள்.

டாக்டர் முன்பக்கத்தைப் படித்தார். திருப்பி, பின்பக்கத்தையும் படித்தார். சீட்டை ஃபைலுக்குள் வைத்தார். என்னை ஏதாவது கேட்டிருக்கலாம்.

செப்டம்பர் 26, வியாழன்

காதுப் பரிசோதனை. வலது காது பெரும்பாலும் தேறிவிடும். இடது காதில் பாதிக்கு மேல் போனது போனதுதான். மெஷின் வைக்க வேண்டும்.

வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "வீட்ல நாலு மொழி கேட்டதாலதான் பேச்சு வரலைன்னு ஸ்கூல்ல சொன்னாங்க சார்."

"நாலு மொழி கேட்டா நாலு மொழி பேசும் பிள்ளைங்க. இவனுக்கு எதுவுமே கேக்கல. தண்ணிக்குள்ள முங்கிக்கிட்டு வெளிய பேசுறதக் கேட்டுப் பாருங்க, அப்படித்தான் இருந்திருக்கும் ஒரு வருஷமா." பிறகு கேட்டார். "எப்பவாவது பேசினானா?"

"ஜூன்ல நாப்பத்தியொரு வார்த்த பேசினான் சார்."

"இந்தக் காத வச்சுக்கிட்டு நாப்பத்தொண்ணா?" அவருக்கு ஆச்சரியம். செண்பகா பக்கம் திரும்பினார். "அது நீங்க போட்டதும்மா. மடியில வச்சு, காதுகிட்ட பேசிப் பேசி உள்ள தள்ளியிருக்கீங்க. அதையேதான் மறுபடி செய்யணும். உங்க பாஷையில, உங்களுக்கு வாய் வலிக்கிற வரைக்கும் பேசுங்க."

செண்பகா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் அவள் தோளைத் தொட்டேன். தோள் விலகவில்லை, ஆனால் கல்லாக இருந்தது.

அந்த நாற்பத்தொன்றையும் நான் ஒவ்வொன்றாக அழித்தேன். என் கையால், ஒரு விரலால்.

அக்டோபர் 3, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். கவுன்சிலர் அம்மாவுக்குப் போன் செய்தேன். "ஓ, ஹியரிங் பிராப்ளமா சார்? ஃபார்ம்ல நீங்க எழுதலையே" என்றார். அந்த அம்மாமேல் கோபப்படப் பார்த்தேன். முடியவில்லை. அவர் ஒருநாள் சொன்னார். நான் நூறு நாள் செய்தேன்.

செண்பகாவை உட்கார வைத்துச் சொன்னேன். "இனிமே தமிழ்லயே பேசு. அவன்கிட்ட, என்கிட்ட, எல்லார்கிட்டயும். நான் செஞ்சது தப்பு. பெரிய தப்பு."

"ஓகே" என்றாள்.

அக்டோபர் 10, வியாழன்

பையனுடன் அவள் பேசுகிறாள். கதவுக்கு அந்தப் பக்கம் கேட்கிறது. மஞ்சுளாவோடு பேசுகிறாள், குக்கரோடு பேசுகிறாள். என்னிடம் மட்டும் அதே நாலு. "ஈட்." "கம்." "ஓகே." "நோ."

முதலில் கோபத்தில் செய்கிறாள் என்று நினைத்தேன். முகத்தில் கோபம் இல்லை. எனக்கென்று அவளிடம் அவ்வளவுதான் மிச்சம் இருக்கிறது.

அக்டோபர் 20, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் சொற்களைக் குறித்து வரச் சொல்லியிருக்கிறார். இந்த முறை எந்த மொழியானாலும் சரி என்றார். இதே நோட்டில் எழுதுகிறேன்.

என் முன்னால் அவன் சொன்ன சொற்கள்: இல்லை.

"ராசு" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். அந்தப் பெயரில் நான் கூப்பிடுவது இதுதான் முதல் முறை. மெஷின் வைத்திருப்பதால் முதல் தடவையே திரும்பினான். திரும்பிப் பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டான்.

அக்டோபர் 27, ஞாயிறு

காலையில் பால் வாங்கிக்கொண்டு மெதுவாகக் கதவைத் திறந்தேன். ஜன்னல் ஓரத்தில் அவனை மடியில் வைத்துத் தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தழும்பு இருக்கும் இடத்தைத் தொடாமல் சுற்றித் தடவினாள். கன்னத்தோடு கன்னம். "ராசு, அங்க பாரு, காக்கா வந்திருக்கு. நேத்து வராம எங்க போன காக்கான்னு கேளு."

அவன் வாயைத் திறந்தான். ஏதோ ஒரு சொல் பாதி வந்தது. அப்போது என்னைப் பார்த்துவிட்டான்.

சட்டென்று கையை நீட்டி, அவள் உதட்டின்மேல் விரலை வைத்தான். தன் உதட்டில் இல்லை, அவள் உதட்டில். கண் என் மேலேயே இருந்தது. அவளை நான் ஏதும் செய்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த விரல் அது. எனக்குப் புரிந்தது.

"இல்லடா, பேசட்டும். அம்மா பேசட்டும். நீயும் பேசு" என்றேன். விரல் இன்னும் அழுந்தியது. அவள் அதை எடுத்துவிடவில்லை. அந்த விரலுக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

பாலை மேஜைமேல் வைத்தேன். நோட்டை எடுத்துக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறேன். நான் கீழே இறங்கிப் போய்விட்டேன் என்று அவர்கள் நினைத்த பிறகுதான் உள்ளே பேச்சு தொடங்கியது. முதலில் அவள் குரல், பிறகு அவன் குரல்.

கதவு வழியாகக் கேட்டவரை குறிக்கிறேன். காக்கா. வா. தண்ணி.

மீதி எனக்குக் கேட்கவில்லை.